குண்டத்துக் கரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கால் எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இந்த ஊர் என்னை இவ்வளவு பேசியிருக்காது. வலியில் துடிக்கிற பொம்பளையைப் பார்த்தால் நாலு பேராவது பாவம் என்று உச்சுக் கொட்டுவார்கள். சாவகாசமாக உட்கார்ந்து, தன் பாதத்து ஓட்டையிலிருந்து கறுப்புக் கறுப்பாக மணிகளைப் பிதுக்கி எடுக்கிறவளைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? என் காது படவே சொன்னார்கள்.

என் பேர் சத்யப்பிரியா. பொங்கலூருக்குத் தெற்கே கள்ளிமேட்டுப்புதூரில் வாழ்க்கைப்பட்டவள். நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். வீட்டுக்காரர் அருள்செல்வன் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறார். நிட்டிங்கில் ஏற்றிய துணி உருளைகளைச் சாயம் போடுகிற டையிங்கில் இறக்குவது அவர் வேலை. அவருக்கு அண்ணன் ஒருத்தர், எனக்கு மச்சாண்டார், பேர் கிட்டுசாமி. எங்கள் ஊர்க் குண்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் முறைக்காரர். பூசாரி நெருப்பில் இறங்கியதும் அடுத்த கால் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். கோயில் மைக்கும் அவர் கையில்தான். கறவை மாடு காணாமல் போனாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ‘பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு’ என்று அவர் குரல்தான் ஊரை எழுப்பும்.

எங்கள் ஊர் நோம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோயில் திருவிழாவைத்தான் நாங்கள் நோம்பி என்போம். காப்புக் கட்டிவிட்டால் குண்டம் இறங்குகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது, கவுச்சி தொடக்கூடாது, புருசன் பெண்டாட்டி ஒரே பாயில் படுக்கக்கூடாது. குண்டத்துக்கு விறகை வண்டியில் ஏற்றி வரவும் கூடாது. காட்டுக்குள் வெறுங்காலோடு போய் வெட்டித் தலையில் சுமந்து வரவேண்டும். அந்தக் காடு பூராவும் வேலமுள். குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு, குத்திய இடத்தில் அந்த மண்ணையே ஒரு சிட்டிகை எடுத்து வைத்து அழுத்திக்கொண்டு நடப்போம். அம்மன் விறகு சுமக்கும்போது அம்மன் மண்ணே மருந்து என்பது எங்கள் வழக்கம். நானும் வருசம் தவறாமல் சுமந்தேன், வருசம் தவறாமல் அழுத்தினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நெருப்பில் நடந்து அக்கரை ஏறும்போது உடம்பில் ஒரு தெம்பு வரும் பாருங்கள், அதற்காகவே இறங்குவேன்.

பாதத்தின் உள்வளைவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. கல்லுப் போல இருந்தது. அழுத்தினாலும் வலியில்லை. ஆணிக்கால் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். போன வருசம் அந்தக் கட்டியோடுதான் குண்டம் இறங்கினேன். உள்ளங்கால் கொப்புளம்கூடப் போடவில்லை.

நோம்பி முடிந்து கொஞ்ச நாளில் கட்டி வாய் திறந்தது. ஒரு வாய் இல்லை, சல்லடை மாதிரி அங்கொன்று இங்கொன்றாக நாலைந்து வாய். அதிலிருந்து தண்ணீர் மாதிரி கசியும், கூடவே கறுப்பு மணி வரும். உடைத்த கடுகு அளவு இருக்கும். கம்பெனியில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், வெள்ளைத் துணி ஓடுகிற இடம். பெடலை மிதிக்க மிதிக்க அந்த மணி கீழே உதிர்ந்து, அங்கே குவிந்து கிடந்த பீஸில் ஒட்டிக்கொண்டது. செக்கிங்கில் இருந்த பிள்ளை ஆயில் கறை என்று பீஸைத் திருப்பி அனுப்பினாள். மெஷினைத் துடைத்தார்கள், எண்ணெயை மாற்றினார்கள், மெக்கானிக்கைத் திட்டினார்கள். என் காலிலிருந்து வருகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சாக்ஸை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. என் மாமியார் கருப்பாத்தாள் ஒருநாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிவிட வந்தவர், மணியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் அப்படியே வெளிறிவிட்டது.

“ஏ சாமி, இது கரி. குண்டத்துக் கரி உள்ள போயிருச்சு.”

“கரி எப்படீங்கத்தை உள்ள போகும்? எனக்குக் கொப்புளமே போடலீங்க.”

“அதான் சொல்றேன். மேல சுடாம உள்ள போயிருக்குது. அது சும்மா போகாது கண்ணு.”

மாமியார் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தப் பயத்தைப் பக்கத்து வீட்டில் போய் இறக்கி வைத்தார், பக்கத்து வீடு ஊர் முழுக்க இறக்கி வைத்தது. எங்கள் பக்கத்தில் நெருப்பு யாரைச் சுடும் என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு: விரதம் தப்பியவரை. பொம்பளை விரதம் தப்பினாள் என்றால் கவுச்சி தின்றுவிட்டாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஷிப்மெண்ட் நேரத்தில் ஒருநாள் வேனைத் தவறவிட்டு, லைன் சூப்பர்வைசர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊருக்கு வந்திருக்கிறேன். காப்புக் கட்டியிருந்த சமயம் வேறு. அதைப் பார்த்தவர்களுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பார்க்காதவர்களுக்கும் வந்தது.

நான் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அதற்கு முன்னால் பல்லடத்தில் ஒருத்தர் ஊசி போட்டார், இன்னொருத்தர் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார், ஒன்றும் அசையவில்லை. பெரியாஸ்பத்திரியில் தேஜஸ்ரீ என்று ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்னப் பிள்ளை. மாத்திரைக் கவரில் நான் சேர்த்து வைத்திருந்த மணிகளைக் காட்டினதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். அத்தனை மாசத்தில் என் காலை முகம் சுளிக்காமல் தொட்ட முதல் ஆள்.

“அக்கா, இதுக்கு மதுராக் கால்னு பேருங்க.”

“நான் மதுரைப் பக்கமே போனதில்லீங்களே!”

அவர் சிரித்துவிட்டார். “அந்தக் காலத்துல மொதல்ல அங்கதான் பார்த்து எழுதி வெச்சாங்க. அதனால பேரு அப்படி நின்னுருச்சு. எல்லா ஊர்லயும் வரும். இது மண்ணுல இருக்கற பூஞ்சைக்காளான். முள்ளு குத்தறப்ப மண்ணோட உள்ள போயிரும். உள்ள போய் மெதுவா, வருசக்கணக்கா வளரும். வலிக்காது, அதனால யாரும் வரமாட்டாங்க. வர்றப்ப எலும்பைத் தின்னிருக்கும். உங்களுக்கு எப்ப முள்ளு குத்துச்சு?”

“எந்த முள்ளுன்னு சொல்லட்டுமுங்க?” என்று கேட்டுவிட்டு விறகுக் கதையைச் சொன்னேன். மண்ணை வைத்து அழுத்துவோம் என்றதும் டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, “இனிமேல் அழுத்தாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

நான் கரி விசயத்தையும் கேட்டேன். கேட்கத்தானே போனேன். அவர் ஒரு மணியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஏதோ மருந்து விட்டு நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. உள்ளே நூல். பழுப்பு நூல், ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக் கிடந்தது. மெஷினுக்கு அடியில் அள்ளிக் கொட்டுகிற பனியன் வேஸ்ட் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே. பதினாறு வயதிலிருந்து நூலோடு கிடக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

“கரியா இருந்தா உள்ள நூலு இருக்குமுங்களா?”

“இருக்காதுக்கா. இது உசுரு. வளர்ற உசுரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீக்கு பெரிய சீக்குத்தான், காலை எடுக்கவேண்டி வந்தாலும் வரலாம் என்று அவர் சொன்னதும் காதில் விழுந்ததுதான். ஆனால் நான் அழுதது அதற்கில்லை. என் மனசில் ஓர் ஓரத்தில் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஏதோ தெரியாமல் தப்பு நடந்துவிட்டதோ, அம்மனுக்கு என்மேல் வருத்தமோ என்று இருட்டில் படுத்துக்கொண்டு எத்தனை முறை நினைத்திருப்பேன். அந்தக் கண்ணாடித் துண்டு அதைத் துடைத்துவிட்டது.

மாத்திரை ஆரம்பித்தார்கள். சாப்பிட்டதும் போடவேண்டிய மாத்திரை, மாசக்கணக்கில். நடுவில் ஆபரேசன் செய்து கட்டியைத் தோண்டி எடுத்தார்கள். எலும்பு தப்பித்தது, கால் தப்பித்தது. பாதத்தில் ஒரு பள்ளமும் தையல் தழும்பும் மிச்சம். செருப்பில்லாமல் மண்ணில் கால் வைக்கக்கூடாது, மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். மேனேஜர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார். ஒட்டுவாரொட்டியா என்று கேட்டார். “மண்ணுக்கிட்ட இருந்துதானுங்க வரும், மனுசங்கிட்ட இருந்து வராதுங்க” என்றேன். கட்டின காலோடு திரும்பவும் மெஷினில் உட்கார்ந்தேன்.

இந்த வருசம் காப்புக் கட்டுகிறதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயில் வாசலில், மைக் வைத்து. நானும் போயிருந்தேன். வரவு செலவு எல்லாம் பேசி முடித்ததும் மச்சாண்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. போன வருசம் விரதம் தப்பிக் குண்டம் இறங்குன ஆளு ஒண்ணு நம்முளுக்குள்ள இருக்குது. வேற எங்கியும் இல்ல, என்ற ஊட்டுலயே இருக்குது. என்ற ஊடுங்கறதால நான் மூடி மறைக்க மாட்டேன். அம்மன் முன்னால விழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் காப்பு. இல்லாட்டி குண்டத்தைச் சுத்திக் கட்டற கயித்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது.”

ஊரே என் காலைப் பார்த்தது. முகத்தைப் பார்க்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

நான் எழுந்து நின்றேன். “ஏனுங் மாமா, எம் பேரைச் சொல்றதுக்கு என்னங்க? மைக்குலதான் சொல்லுங்களேன். நானும் எல்லாருத்துக்கும் சொல்றேன். இது மண்ணுல இருந்து வந்த சீக்கு. விறகு சொமக்கறப்ப முள்ளுக் குத்தி வந்தது. உள்ள இருந்தது கரி இல்லீங்க, நான் கண்ணால பார்த்தேன். உள்ள நூலு இருந்துச்சு. கரியில நூலு இருக்குமுங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “பனியன் கம்பெனிக்குப் போறவளுக்குக் கால்லயும் நூலு” என்றான் பழனிமுத்து, கோயில் கமிட்டியில் இருக்கிறவன். அவ்வளவுதான், கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது.

“அம்மிணி, விழுந்து எந்திரி. ஒரு நிமிசக் காரியம்” என்றார் மச்சாண்டார்.

“அம்மன் கால்ல நான் தெனமும் விழுகறனுங்க மாமா. நீங்க சொல்றதுக்காவ விழுக மாட்டேன்.”

அன்றைக்கு வீட்டில் சண்டை. என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனுசன்.

“ஒரு தடவ விழுந்துரு சத்யா. உம் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஊரு வாயை அடைக்கத்தான்.”

“உங்களுக்குச் சந்தேகம் இல்லீன்னா அதை அங்க சொல்லியிருக்கோணும். எங்கிட்டச் சொல்லி என்னங்க பிரயோசனம்?”

“நான் என்னன்னு சொல்றது?”

“விழுந்தா நான் ஒத்துக்கிட்டேன்னு ஆகும். நாளைக்கு நம்ம புள்ளையைப் பொண்ணுப் பாக்க வர்றவன் மொதல்ல அதைத்தான் கேப்பான். இந்தக் காலை வெட்டி எடுத்திருந்தாக்கூட நான் பொறுத்திருப்பனுங்க. இதைப் பொறுக்க மாட்டேன்.”

அவர் எழுந்து கையைக் கழுவினார். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து மச்சாண்டார் வேறு ஒரு வழி சொல்லி அனுப்பினார். விழவேண்டாமாம். கால்தான் ஆறிவிட்டதே, இந்த வருசமும் குண்டம் இறங்கட்டுமாம். அம்மன் சுடாமல் விட்டால் ஊர் ஒப்புக்கொள்ளுமாம். மாமியாருக்கு அப்படி ஒரு சந்தோசம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருசம் ஆசையாக இறங்கின நெருப்பு அது. அதைப் பரீட்சைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். “நான் சுத்தமானவள்னு காட்டறதுக்கு நெருப்புல நடக்க மாட்டேன்னு சொல்லிருங்கத்தை. டாக்டரு வேண்டாம்னதுக்காவ இல்ல. நானே மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

நோம்பி அன்று விடிகாலையில் கிளம்பினேன். போகாதே என்று மாமியார் அழுதார். வீட்டுக்குள் ஒளிந்துகொண்டால் குற்றவாளி என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காலில் செருப்போடு போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றேன். என் பக்கத்தில் நின்ற பொம்பளைகள் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். நல்லதாகப் போயிற்று, குண்டம் தெளிவாகத் தெரிந்தது. இரவெல்லாம் எரிந்த விறகு கனிந்து சிவந்து கிடந்தது. அனல் அடித்தது. தப்பட்டைச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. இறங்கவேண்டும் போல இருந்தது எனக்கு, பொய் சொல்லமாட்டேன்.

குண்டத்துக்குக் கிட்டத்தில், கயிறு முடிகிற இடத்தில் மஞ்சத்தண்ணீர்த் தொட்டி. இறங்குகிறவர்கள் அதில் கால் கழுவிக்கொண்டுதான் போவார்கள். பூசாரி கழுவிவிட்டு நகர்ந்தார். அடுத்தது மச்சாண்டார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை. ஒரு காலைக் கழுவினார். இன்னொரு காலைத் தூக்கும்போது சட்டென்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பாதத்தில் சுற்றியிருந்த மஞ்சள் துணி நனைந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

மற்ற யாருக்கும் அது ஒரு காயம், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். கட்டி, அதன்மேல் சல்லடை மாதிரி வாய்கள், ஒரு வாயின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு மணி. எனக்கு இருந்ததைவிடப் பெரிது. எத்தனை வருசம் இதைச் சுற்றி மறைத்துக்கொண்டு அலைந்திருப்பார் இந்த மனுசன்? கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பற்றிப் பேசியபோது இந்தக் கால் வேட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது.

அந்த நிமிசம் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? சந்தோசம். நல்ல, குளிர்ச்சியான சந்தோசம். ஒரு கத்துக் கத்தினால் போதும், ஊர் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். நான் கத்தவில்லை, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன்.

“மாமா, நில்லுங்க. எறங்காதீங்க.”

அவர் பார்த்தார். நான் எதைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

“அம்மிணி, பேசாத. உனக்குப் புண்ணியமாப் போகும். போயிரு.”

“தெறந்த புண்ணோட நெருப்புல எறங்குனா கால் போயிருமுங்க. எனக்கு வந்ததேதான் இது.”

“நான் எறங்காட்டி ஊரு என்ன சொல்லும்?”

“என்ன சொல்லும்னு எனக்கு நல்லாத் தெரியுமுங்க மாமா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தப்பட்டை நின்றது. கமிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பழனிமுத்துதான் முதலில் குனிந்து காலைப் பார்த்தான். பார்த்ததும் ரெண்டடி பின்னால் போனான்.

“கரி வருது! மொறைக்காரருக்கே கரி வருதே! அப்ப இவரும் வெரதம் தப்...”

அவன் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. இவ்வளவு நாளும் எனக்குள் அடைந்து கிடந்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

“வாயை மூடுங்க! இன்னொரு தடவ அந்தப் பேச்சு வந்துச்சு, நடக்கறதே வேற! எம் மேல போட்டப்பத் தப்பா இருந்தது இவரு மேல போட்டா மட்டும் சரியாயிருமா? இவரு வெரதம் தப்புனாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது, எனக்கு வேண்டியதும் இல்ல. இந்தக் காலுக்கு அது காரணமில்ல. நாம எல்லாரும் ஒரே காட்டுலதான் விறகு சொமந்தோம், ஒரே மண்ணைத்தான் வெச்சு அழுத்துனோம். உங்க காலைத் தூக்கிப் பாருங்க மொதல்ல! எத்தன பேருக்கு ஆணின்னும் மருன்னும் கட்டி இருக்குதுன்னு அவங்கவங்க தூக்கிப் பாருங்க!”

யாரும் காலைத் தூக்கவில்லை. ஆனால் நல்லான் என்கிற பெரியவர் ஒருத்தர் கூட்டத்தில் நின்றபடியே ஒரு காலை மெதுவாக இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்ததை நான் பார்த்தேன். இன்னும் ஒரு பொம்பளை சேலையை இறக்கிவிட்டாள். எத்தனை கால்கள் இந்த ஊரில் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கின்றனவோ!

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அண்ணனின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை. “ஆஸ்பத்திரிக்கு நோம்பி லீவெல்லாம் இல்லீங்கண்ணா. வாங்க போலாம்” என்றார். இந்தப் பேச்சு அன்றைக்கே கூட்டத்தில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் வந்ததே.

கூட்ஸ் ஆட்டோவின் பின்னால் துணி உருளைக்கு விரிக்கிற தார்ப்பாயை மடித்துப் போட்டு மச்சாண்டாரை உட்காரவைத்தோம். நானும் பின்னாலேயே ஏறிக்கொண்டேன். ஊர் எல்லையைத் தாண்டி மெயின்ரோடு தெரிகிற வரைக்கும் அவர் தலையைத் தூக்கவில்லை. மாலை கழுத்திலேயே கிடந்தது.

“காலை எடுத்துருவாங்களா அம்மிணி?”

“எனக்கு எடுக்கலீங்க. உங்களுக்குப் பெருசா இருக்குது, பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்க. மாத்திரை இருக்குது, ஆபரேசன் இருக்குது.”

“வலியே இல்லியே, அதான் விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பயமா இருந்துச்சு. உனக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னு கேட்டதும் இன்னும் பயம். எல்லாரும் உன்ற காலையே பார்த்துட்டு இருந்தா என்ற காலைப் பாக்க மாட்டாங்கன்னு...” என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “உம் மேல அநியாயமாச் சொல்லிட்டேன். மன்னிச்சுரு கண்ணு” என்றார்.

சுற்றிலும் சோளக்காடு. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஆட்டோ சத்தத்தில் முன்னால் இருந்த என் வீட்டுக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

எனக்கு அந்த மனுசன்மேல் பாவமாகத்தான் இருந்தது. மனசார இருந்தது. ஆனால் பாவப்பட்டு நான் சரி என்று தலையாட்டினால் இந்த விசயம் இந்தத் தார்ப்பாயோடு முடிந்துபோகும். ஊருக்குள் என் பேர் அப்படியே கிடக்கும்.

“எனக்குக் கேக்கலீங்க மாமா.”

“மன்னிச்சுருன்னு சொன்னேன்.”

“அது கேட்டுச்சுங்க. ஆனா நீங்க மைக்குல சொன்னதை எங்காதுல மட்டும் திருப்பிச் சொன்னா எப்படீங்க?” டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினேன். “ஏனுங்க, வண்டியத் திருப்புங்க.”

ஆட்டோ நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். போய் உட்கார்ந்து வண்டியைத் திருப்பினார்.

கோயில் வாசலில் கூட்டம் அப்படியேதான் இருந்தது. பூசாரி இன்னும் இறங்கவில்லை. முறைக்காரர் இல்லாமல் இறங்கலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். மச்சாண்டார் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மைக்குக்குப் போனார். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். அவர் மைக்கைப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது.

“பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு,” என்றார். பிறகு வேட்டியைத் தூக்கி, காலைப் படிக்கட்டின்மேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். “இதைப் பார்த்துக்கங்க. ரொம்ப வருசமா இருக்குது. நான் மறைச்சு வெச்சிருந்தேன். மண்ணுல இருந்து வர்ற சீக்குன்னு எங்க ஊட்டு அம்மிணி, அருளு பொண்டாட்டி சத்யப்பிரியா, உங்க எல்லாருத்துகிட்டயும் சொன்னா. நாம சிரிச்சோம். அம்மிணி வெரதம் தப்பலீங்க.” அவருக்கு மூச்சு வாங்கியது. “தப்புனது என்ற வாயி.”

மைக் அவர் கையிலிருந்து தாழ்ந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்கள். நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முதலில் கண்ணைத் தாழ்த்தியது நான் இல்லை.

“இப்பப் போலாமுங்க மாமா” என்றேன்.